வல்சம்மாவை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பெண்கள் தடை ஓட்டம் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கோவை வித்யா ராம்ராஜ் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தகுதிச் சுற்றில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, 39 வருடமாக பி.டி. உஷா ஒருவர் பெயரில் மட்டுமே இருந்த தேசிய சாதனையைத் தொட்டதில் ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து பின்னால் போய், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உஷா வெண்கலத்தைக் கைநழுவவிட்ட அந்த நூறில் ஒரு விநாடியைச் சொல்லி, இந்தியப் பெண்களின் தடை ஓட்டம் அங்கேதான் தொடங்கியது என்று முடித்திருந்தீர்கள்.

கட்டுரை நன்றாகவே இருந்தது. வித்யா பற்றிய பகுதியை என் பேத்திக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஆனால் அந்தக் கடைசி வரி தவறு ஐயா. அங்கே தொடங்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில், ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில், இதே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓர் இந்தியப் பெண் தங்கம் வாங்கியிருக்கிறார். பெயர் எம்.டி. வல்சம்மா. நேரம் 58.47 விநாடி. நான்காம் இடத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கிய கட்டுரையில், முதலில் வந்தவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

உஷாவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. உஷா ஓடிய காலத்தில் வாழ்ந்ததே பெரிய கொடுப்பினை என்று நினைக்கிறவள் நான். 1985-ல் ஜகார்த்தாவில் ஐந்து தங்கம், 1986-ல் சியோலில் நான்கு தங்கம். அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளெல்லாம் உஷாதான். நான் கேட்பது வேறு. உஷாவுக்கு முன்னால் அந்தப் பாதையில் கால் வைத்தவரை ஏன் மறந்தோம் என்பதுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளிகளில் 33 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். பிறந்த ஊர் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில். மாநில எல்லையைத் தாண்டினால் கேரளா. எங்களுக்குக் கோவையும் பாலக்காடும் ஒன்றுபோலத்தான், கல்யாணத்துக்குத் துணி எடுக்க எது தோதோ அங்கே போவோம். என் தாய்மாமா பாலக்காட்டு மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்தார். 1980 வாக்கில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "அம்மிணி, அங்க மெர்சி காலேஜ்ல ஒரு புள்ள இருக்குதாம். குறுக்கால கட்டைய வெச்சு, அதெல்லாந் தாண்டிக்கிட்டு ஓடுதாம். பேரு வல்சம்மாவாம்" என்று சொன்னார். நானும் அப்போது தடை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தேன். மாவட்ட அளவோடு நின்றவள்தான். ஆனால் "கால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்" என்று அம்மா தினமும் பேசிக்கொண்டிருந்த வீட்டில், இருபது மைலுக்கு அப்பால் இன்னொருத்தி இதையே செய்கிறாள் என்று கேள்விப்பட்டது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று இப்போது சொன்னால் புரியுமா தெரியவில்லை.

வல்சம்மா பாலக்காட்டுக்காரர் இல்லை. கண்ணூர் மாவட்டத்து மலையோரம் ஒற்றத்தை என்ற ஊரில் 1960-ல் பிறந்தவர். மெர்சி கல்லூரியில் படிக்கத்தான் பாலக்காட்டுக்கு வந்தார். பயிற்சியாளர் ஏ.கே. குட்டி. 1979-ல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் பென்டத்லானிலும் பதக்கம் வாங்கினார். பென்டத்லான் என்றால் ஐந்து போட்டிகளையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். ஓட, தாண்ட, எறிய எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட உடம்பு அவருக்கு. 1981-ல் பெங்களூரில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. அதில் அவர் வாங்கியது ஐந்து தங்கம். 100 மீட்டர் தடை, 400 மீட்டர் தடை, தடையில்லாத 400 மீட்டர், அப்புறம் இரண்டு தொடர் ஓட்டங்கள். தெற்கு ரயில்வேயிலும் வேலை கிடைத்தது.

இந்த 400 மீட்டர் தடை ஓட்டம் என்ன மாதிரியான ஓட்டம் என்பதை உங்கள் இளம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தாண்டுவது மட்டும்தான் கண்ணில் படும். ஓடுகிறவளுக்கு எல்லாம் எண்ணிக்கைதான். புறப்பட்டு 45 மீட்டரில் முதல் தடை. அதற்குப் பிறகு 35 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்து. கடைசித் தடையிலிருந்து எல்லைக்கோட்டுக்கு 40 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை காலடி என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓடுவோம். முதல் ஐந்து தடை வரைக்கும் கணக்குச் சரியாக வரும். ஆறு, ஏழில் தொடை கனக்க ஆரம்பிக்கும், காலடி சுருங்கும், கணக்குத் தப்பும். தப்பினால் பழகிய கால் முன்னால் வராது, மற்றக் கால் வந்து நிற்கும். அந்த நொடியில் மனசு பதறினால் ஓட்டம் போச்சு. வளைவில் இடது காலை முதலில் போட்டுத் தாண்டப் பழகினவளுக்குக் கொஞ்சம் சௌகரியம், தடத்தின் உள்பக்கமாகவே ஒட்டி ஓடலாம். வலது காலை முதலில் போட்டால், பின்னால் வரும் இடது கால் தடைக்கு வெளியே, உள்பக்கமாகத் தாழ்ந்து போய்விடும் ஆபத்து உண்டு. போனால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். தடையை இடித்துத் தள்ளினால் தப்பில்லை, இடித்தால் வேகம்தான் போகும், முட்டியும் போகும். இத்தனையையும் மூச்சு வாங்க வாங்க, ஒரு நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.

அதைத்தான் வல்சம்மா சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால் செய்தார். டெல்லியில் அந்த முறை தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் மொத்தம் நான்கு. நடைப் போட்டியில் சாந்த் ராம், குண்டு எறிதலில் பகதூர் சிங், 800 மீட்டரில் நம் தேவகோட்டைக்காரர் சார்லஸ் பொரோமியோ, நான்காவது வல்சம்மா. நான்கு பேரில் பெண் அவர் ஒருவர்தான். 58.47 அன்றைக்கு இந்திய சாதனை. தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். அந்த வருடம் அர்ஜுனா விருது, அடுத்த வருடம் பத்மஸ்ரீ.

அந்த ஆசிய விளையாட்டுக்காகத்தான் நாட்டுக்குக் கலர் டி.வி. வந்தது என்பார்கள். எங்கள் பக்கம் கறுப்பு வெள்ளை டி.வி.யே இல்லை. எங்களுக்கு ரேடியோதான். காலை 7.15 டெல்லித் தமிழ்ச் செய்திக்காக அப்பா டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் செய்தி முடிவதற்குள் எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தார். "உன்ற வல்சம்மா செயிச்சிட்டாளாம்" என்றார். அதுவரை நான் ஓடுவதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர். அன்று சாயங்காலம் அவராகவே போய்ப் பழைய தமிழ்ப் பேப்பர் ஒன்றை டீக்கடையில் கேட்டு வாங்கி வந்தார். அதில் படம் இருந்தது. மை அப்பிக் கிடந்த சின்னப் படம், முகம்கூடச் சரியாகத் தெரியாது. மைதா மாவுப் பசை காய்ச்சி, என் கோடு போட்ட நோட்டில் ஒட்டினேன். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் படம் எனக்குப் பாடம் நடத்த உதவியிருக்கிறது. 1986-ல் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் தடைகள் மொத்தமே நான்கு. பலா மரமோ வேம்போ தெரியாது, அத்தனை கனம். இடித்தால் சாயாது, பிள்ளைதான் சாயும். அதனால் இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேலே மூங்கில் குச்சியை வைத்துவிடுவேன். கால் பட்டால் குச்சி கீழே விழும், முட்டி தப்பித்துவிடும். பெண்களுக்கான 400 மீட்டர் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். அதை அளக்க என்னிடம் இருந்தது தையல் டேப். அதில் சரியாக 30 அங்குலம் வரும். தரையிலிருந்து டேப்பைப் பிடித்து 30-ல் விரலை வைத்துக் காட்டி, "இவ்வளவுதான்டி, உன் இடுப்புக்குக்கூட வரலை பாரு" என்று சொல்லித்தான் பயத்தைப் போக்குவேன். எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் சுற்றுதான் இருந்தது. அதில் ஐந்து தடைதான் வைக்கலாம். பிள்ளைகள் பாதி ஓட்டத்துக்குத்தான் பயிற்சி எடுப்பார்கள், மீதிப் பாதியைப் போட்டியன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பாவாடை சட்டையைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. முதல் இரண்டு தடையை மான் மாதிரி தாண்டுவாள். வளைவில் மூன்றாவது தடைக்கு வந்ததும் நின்றுவிடுவாள். நாலு நாள் இதேதான். ஐந்தாம் நாள் அவளை மர நிழலில் உட்காரவைத்து நோட்டைப் பிரித்து அந்தப் படத்தைக் காட்டினேன். "இந்த அக்காவும் ஏதோ மலையடிவாரத்துல பொறந்தவங்கதான். பாலக்காட்டுல படிச்சவங்க. இவங்க பத்துத் தடை தாண்டி ஆசியாவுலயே மொதல்ல வந்தாங்க. நீ மூணாவதுல நிக்கறே" என்றேன். அவள் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "இவங்க எந்தக் கால மொதல்ல போடறாங்க மிஸ்?" என்று கேட்டாள். படத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அவள் நிற்கவில்லை. இடது காலைப் பழக்கினோம். மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள்.

சென்ற ஞாயிறு எனக்கு வந்த முதல் போன் அவளுடையதுதான். இப்போது அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "மிஸ், பேப்பர் பாத்தீங்களா, நம்ம வல்சம்மா அக்கா பேரே காணமே?" என்றாள். நானும் சரி, என்னிடம் படித்த பிள்ளைகளும் சரி, வல்சம்மாவை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

சரி, உண்மையையும் சொல்ல வேண்டும். 58.47 உலக அளவில் பெரிய நேரம் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் காரின் ராஸ்லி 1980-லேயே 54.28-ல் ஓடி உலக சாதனை வைத்திருந்தார். இருவரும் ஒரே தடத்தில் ஓடியிருந்தால் வல்சம்மா 28 மீட்டருக்கு மேல் பின்னால் இருந்திருப்பார். 1984-ல் உஷா வந்து அந்த இந்தியக் கணக்கையே மாற்றிப் போட்டார். இரண்டு வருடத்துக்குள் மூன்று விநாடி குறைந்தது. லாஸ் ஏஞ்சலஸில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61-ல் தங்கம். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாரு 55.41-ல் வெண்கலம். உஷா 55.42. அந்த நூறில் ஒரு விநாடி என்பது ஓடுகிற வேகத்தில் ஏழு சென்டிமீட்டர் இருக்கும், என் உள்ளங்கை அகலம். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்தது.

கட்டுரையில் இல்லாததைச் சொல்கிறேன். அதே ஒலிம்பிக்கில் அதே தடை ஓட்டத்துக்கு வல்சம்மாவும் இறங்கினார். அவர் ஓட்டம் முதல் சுற்றோடு முடிந்துவிட்டது. நடப்பு ஆசியச் சாம்பியன் அவர். நான்கு வயது இளையவள், தன் மாநிலத்துக்காரி, தன்னுடைய போட்டியிலேயே தன்னைத் தாண்டிப் போய்விட்டாள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மனசு உடைந்து ஊருக்கு ரயிலேறியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சில நாள் கழித்து நடந்த தொடர் ஓட்டத்தை எடுத்துப் பாருங்கள். 4x400 மீட்டர். வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், உஷா. ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டிக்குப் போனது அதுதான் முதல் தடவை. 3 நிமிடம் 32.49 விநாடி. ஏழாம் இடம், ஆனால் ஆசிய சாதனை. தன்னைத் தாண்டிப் போனவளோடு ஒரே அணியில் நின்று, ஒரே குச்சியைக் கை மாற்றிக்கொண்டு ஓடினார். அடுத்த சியோல் ஆசிய விளையாட்டில் அதே தொடர் ஓட்டத்தில் இந்த நான்கு பேரும் தங்கமே வாங்கினார்கள். உஷாவின் நான்கு தங்கத்தை எல்லோரும் எண்ணுகிறோம். அதில் ஒன்றில் வல்சம்மாவின் 400 மீட்டரும் இருக்கிறது.

இன்னொன்றும் செய்தார். 400 மீட்டர் தடையில் இனி உஷாதான் என்று ஆனதும், பழைய 100 மீட்டர் தடைக்கே திரும்பினார். இது சாதாரண விஷயமில்லை. இரண்டும் தடை ஓட்டம்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஓடினவர்களுக்குத்தான் தெரியும், இரண்டும் வேறு வேறு. அங்கே தடை 83.8 சென்டிமீட்டர் உயரம், மூன்று அங்குலம் கூடுதல். இரண்டு தடைக்கு நடுவே வெறும் எட்டரை மீட்டர், மூன்றே காலடி. நிதானிக்க, கணக்குப் போட நேரமே கிடையாது. 25 வயதில் அந்த உயரத்துக்கு மறுபடி இடுப்பைப் பழக்கி, 1985 தேசிய விளையாட்டில் அதில் தங்கம் வாங்கினார். இப்படியே கிட்டத்தட்ட 15 வருடம் ஓடினார். வீட்டில் கேட்டால், வேலை கிடைத்துவிட்டது, பத்மஸ்ரீயும் வந்துவிட்டது, இனி எதற்கு ஓட வேண்டும் என்பார்கள். அவர் ஓடினார்.

அவர் பயிற்சியாளர் ஏ.கே. குட்டிக்குத் துரோணாச்சார்யா விருது எப்போது வந்தது தெரியுமா? 2010-ல். வல்சம்மாவின் தங்கத்துக்கு 28 வருடம் கழித்து. அந்தச் செய்தி வந்த நாளன்று நோட்டை எடுத்து, படத்துக்குக் கீழே அவர் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தேன். பாலக்காடு இன்றைக்குத் தடகளத்துக்குப் பேர்போன ஊர். ஓட்டக்காரர் பி.யு. சித்ரா அந்த மாவட்டத்து முண்டூர்க்காரர். இதெல்லாம் ஒரே நாளில் முளைத்ததில்லை. மெர்சி கல்லூரிப் பெண் ஒருத்தி தங்கத்தோடு வந்து இறங்கியதை அந்த ஊர் பார்த்திருக்கிறது. மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனை அப்பாக்கள் அன்றைக்கு முடிவெடுத்தார்களோ. என் அப்பா பாலக்காட்டுக்காரர்கூட இல்லை. அவரே முடிவெடுத்தார். அந்த ஜனவரியில்தான் உடற்கல்விப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்க என்னோடு பஸ் ஏறி வந்தார்.

நம் ஜனங்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், கிடைக்காமல் போனதைப் பற்றிப் பேசுவதில் ஒரு பாசம் உண்டு. உஷாவின் அந்த ஏழு சென்டிமீட்டரை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், ஜெயிக்கப் போகிற பிள்ளைக்கு ஜெயித்த அக்காவை யார் காட்டுவது? வித்யா ஹாங்சோ இறுதிப் போட்டியில் 55.68-ல் வெண்கலம் வாங்கினாரே, அதற்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. உஷா இருக்கிறார். உஷாவுக்கும் முன்னால் வல்சம்மா இருக்கிறார். வித்யாவின் இரட்டைச் சகோதரி நித்யா ஓடுகிற 100 மீட்டர் தடையிலும் அதே வல்சம்மா இருக்கிறார். இரண்டு தடை ஓட்டத்திலும் தேசியத் தங்கம் பார்த்தவர் அவர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருத்தம் என்று ஒரு மூலையில் இரண்டு வரி போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாணவர் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு நாள் எழுதுங்கள். ஒற்றத்தையிலிருந்து டெல்லி வரைக்கும், டெல்லிக்குப் பிறகும் அவர் ஓடியதைச் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் தங்கம் வாங்கிய நாளோடு அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

என் நோட்டில் உள்ள படத்தை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சில் தெளிவாக வராது என்று தெரியும். மைதாப் பசையைப் பூச்சி அரித்ததில் ஒரு ஓரம் போய்விட்டது. உங்கள் அலுவலகத்துப் பழைய கட்டுகளில், 1982 நவம்பர், டிசம்பர் இதழ்களைப் புரட்டினால் நல்ல படம் கிடைக்கும். கிடைத்தால், தடையைத் தாண்டும் படமாகப் பார்த்துப் போடுங்கள். அவர் எந்தக் காலை முதலில் போட்டார் என்று எங்கள் பிள்ளை ஒருத்தி 30 வருடத்துக்கு முன்னால் கேட்டாள், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பொள்ளாச்சி